தடித்த வட்டமுனை எழுத்துரு: கடைப் பலகைக்கும் தேயிலைப் பொதிக்கும் பொருத்தும் முறை

பண்டாரவளை, அப்புத்தளை, கந்தப்பளை, வட்டவளை என்று இலங்கை மலையக ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், 'ளை' என்ற எழுத்தில் முடிபவை எத்தனை என்பது உடனே புலப்படும். தடித்த வட்டமுனை எழுத்துரு ஒன்றைத் தங்கள் கடைக்குத் தெரிவு செய்ய வருபவர்களிடம், அந்த எழுத்துருவில் முதலில் தட்டிப் பார்க்கும்படி நான் சொல்வதும் இந்த ஓர் எழுத்தைத்தான். இணைக்கொம்பின் இரண்டு சுழிகளும் ளகரத்தின் ஒரு சுழியும் அடுத்தடுத்து நிற்பதால், எழுத்துருவை வரைந்தவர் கோட்டைத் தடிப்பாக்கும்போது சுழிகளுக்கு இடம் விட்டாரா, கோடு அந்த இடத்தை விழுங்கிவிட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கீழே சொல்லப்படும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. தமிழில் எழுத்தின் கனத்தைத் தீர்மானிப்பதற்குச் சுழிக்குள் எஞ்சும் வெளியை அளக்க வேண்டும். கோட்டின் தடிமன் அந்த அளவுக்கு இணங்கி வர வேண்டியது.

வட்டமுனை என்பது எது

வட்டமுனை எழுத்துரு என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட வகைகள் வழங்குகின்றன. ஒன்றில், கோடு முடியும் இடம் மட்டும் அரைவட்டமாக இருக்கும். டகரத்தின் மூலையும் பகரத்தின் அடிமூலைகளும் ஏறத்தாழ நேர்கோணமாகவே நிற்கும். மற்றதில் முனையோடு மூலையும் வளைக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு இந்த வேறுபாடு சுவை பற்றிய விடயம் என்று விட்டுவிடலாம். தமிழில் அது வாசிப்பைப் பாதிக்கும், ஏனெனில் நம் எழுத்துகளில் பெரும்பாலானவை ஏற்கனவே வளைந்தவை. ட, ப, ம, ய போன்ற சில எழுத்துகளின் மூலைகள்தாம் ஒரு சொல்லுக்கு நிமிர்வைக் கொடுக்கின்றன. அந்த மூலைகளையும் முழுமையாக வளைத்துவிட்டால் சொல் முழுவதும் ஒரே மாதிரி உருண்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். ஆகவே முனைகள் நன்றாக வட்டமாகவும் மூலைகள் சிறிதளவே மழுங்கியும் இருக்கும் எழுத்துருவை நாடுவது நல்லது.

இவ்வகை எழுத்து உலகளவில் அறியப்பட்டதற்கு ஒரு வாகன நிறுவனமும் காரணம். ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் விற்பனை நிலையங்களுக்குப் பொதுவான அடையாளம் வேண்டியதால் 1970களின் இறுதியில் உருவாக்கச் செய்த வி.ஏ.ஜி. ரவுண்டட் என்ற எழுத்துரு பிற்காலத்தில் பலருடைய கைக்கும் வந்தது. ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளிலும் பல ஆண்டுகள் அதுவே பொறிக்கப்பட்டிருந்தது. வட்டமுனைக்கு அதற்கு முன்பே தொழில் சார்ந்த காரணங்களும் இருந்தன. நியோன் குழாயை வளைத்து எழுதினால் கோட்டின் முனை தானாகவே உருண்டுவிடும். பலகையைக் கடையும் ரவுட்டர் இயந்திரத்தின் வெட்டலகு வட்டமானது என்பதால், 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலகு ஒவ்வோர் உட்கோணத்திலும் 1.5 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவை விட்டுத்தான் செல்லும். கருவி எப்படியும் வளைக்கப்போகிற மூலையை எழுத்துருவே வளைத்துக் கொடுத்துவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

வெதுப்பகம், பாற்பண்ணை, சிறுவர் ஆடையகம், தேநீர்க் கடை ஆகியவற்றுக்கு இவ்வெழுத்து இயல்பாகப் பொருந்தும். நகையகத்துக்கும் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. மருந்தகத்துக்குக்கூடச் சற்றுத் தயங்குவேன்.

தெரிவு செய்தல்

எழுத்துரு விற்பனைப் பக்கங்களில் காட்டப்படும் மாதிரிச் சொற்களை நம்ப வேண்டாம். அம்மா, தமிழ், வணக்கம் என்று திறந்த எழுத்துகள் நிறைந்த சொற்களையே அங்கு காட்டுவார்கள். அவற்றில் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் தெரியும். 'மண்ணெண்ணெய்' என்று தட்டிப் பாருங்கள். மூன்று சுழி ணகரம் நான்கு முறையும், கொம்பு இரண்டு முறையும், புள்ளி மூன்று முறையும் வரும் இந்தச் சொல்லைத் தொலைவிலிருந்து படிக்க முடிந்தால் அந்த எழுத்துருவை மேலும் சோதிப்பதில் பொருள் உண்டு. அதன் பின் 'அண்ணை', 'பஞ்சு', 'இஞ்சி', 'ஜூஸ்', 'ஔவை' ஆகியவற்றையும், உங்கள் கடைப் பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்குமானால் அதனையும் தட்டிப் பாருங்கள். ஸ்ரீ என்பதைக் கணினியில் இரண்டு வெவ்வேறு எழுத்துத் தொடர்களால் உள்ளிட முடியும் என்பதால், சில எழுத்துருக்கள் ஒன்றை ஒட்டிய வடிவமாகவும் மற்றதைப் பிரிந்த துண்டுகளாகவும் காட்டும். பிரிந்து தோன்றினால் மற்ற முறையில் தட்டிப் பார்த்த பின்பே எழுத்துருவைக் குறை கூற வேண்டும்.

அடுத்து, ஒன்றோடொன்று மயங்கும் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தடித்த வட்டமுனையில் அதிகம் மயங்குவது ரகரமும் அரவும் (ா) ஆகும். ரகரத்தின் கீழே சாய்ந்து இறங்கும் சிறிய வால்தான் இரண்டையும் பிரிக்கிறது. கோடு தடித்து முனையும் உருளும்போது அந்த வால் ஒரு மொட்டாகச் சுருங்கிவிடும். 'பாரா', 'தரா', 'காரம்' என்று எழுதி, தொலைவிலிருந்து வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்குத் தன் எழுத்து எப்போதும் தெளிவாகவே தெரியும் என்பதால் இந்தச் சோதனையை நீங்களே செய்துகொள்வதில் பயனில்லை. எகர ஏகாரக் கொம்புகளின் வேறுபாடும் இவ்வாறே. ஏகாரக் கொம்பின் மேற்சுழி அடைந்துபோனால் 'தேன்' என்பது 'தென்' என்று படிக்கப்படும்.

இப்போது அளவுகோலை எடுங்கள். ணகரத்தை ஒரு முழுத் தாளில் அச்சிட்டு, அதன் மிகச் சிறிய சுழிக்குள் இருக்கும் வெள்ளை வெளியின் அகலத்தையும் நிலைக்கோட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். வெள்ளை வெளி கோட்டின் பாதியளவாவது இருந்தால் அந்தக் கனத்தைப் பலகைக்குப் பயன்படுத்தலாம் என்பது நான் கைக்கொள்ளும் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால், எழுத்துருவை மாற்றாமல் அதே குடும்பத்தில் ஒரு படி குறைந்த கனத்தை எடுத்துக்கொள்வேன். வெறும் கண்ணால் முடிவு செய்ய நினைப்பவர்கள், தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கலாம். சுழிகள் கரிய பொட்டுகளாக மாறும் கணத்திலேயே விடை கிடைத்துவிடும்.

விலையின்றிக் கிடைப்பவற்றுள், மும்பையின் எக் டைப் குழுவினர் உருவாக்கிய பாலூ குடும்பத்தின் தமிழ் வடிவமான பாலூ தம்பி இந்தத் தேவைக்கு மிகவும் ஏற்றது. முதலில் ஒரே ஒரு தடித்த கனத்தில் வந்த அது, பாலூ தம்பி 2 என்ற பெயரில் ஐந்து கனங்களாக விரிந்திருக்கிறது. சுழிகளுக்காகக் கனத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் நமக்கு இந்த விரிவு பேருதவி. கொய்னி என்ற எழுத்துருவும் தமிழைத் தாங்குகிறது. அதன் உருண்ட விளையாட்டுத்தனம் இனிப்புக் கடைக்கும் முன்பள்ளிக்கும் பொருந்தும், ஆனால் ஒரே கனம் என்பதால் சிறிய அளவுகளில் கையைக் கட்டிவிடும். இவை திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டவை. அந்த உரிமத்தின்படி வணிகப் பலகை, பொதி, அடையாளச் சின்னம் ஆகியவற்றில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்பதற்கு மட்டும் அனுமதியில்லை. நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த விலையுயர்ந்த எழுத்துருவைக் கொண்டு பொதி அச்சிட்டு ஏற்றுமதிக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

கணினியில் இடுதல்

மலையக அச்சகங்களில், யூனிகோட்டுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துருவான பாமினி இன்னமும் உயிரோடு இருக்கிறது. கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர் யூனிகோட்டில் இருக்கும். அச்சகத்துக் கணினியோ பாமினி விசைப்பழக்கத்தில் இயங்கும். மேலே சொன்ன புதிய எழுத்துருக்கள் யூனிகோட்டில் மட்டுமே வேலை செய்வதால், பாமினியில் தட்டப்பட்ட பெயரைத் தெரிவு செய்து எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையே கிடைக்கும். மாற்றியைப் பயன்படுத்துங்கள், மாற்றிய பின் ஒகர ஓகார வரிசைகளை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கொம்பும் அரவும் ஒரு மெய்யைச் சூழ்ந்து நிற்கும் இவ்விடங்களில்தான் மாற்றிகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன.

கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்து எழுத்துரு பழுதடைந்தது என்று முடிவுகட்டுபவர்கள் பலர். பழுது பெரும்பாலும் மென்பொருளில்தான் இருக்கிறது. பழைய கோரல்ட்ரோ பதிப்புகள் தமிழ் எழுத்துகளை ஒழுங்குபடுத்தத் தெரியாதவை. இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான பத்தி அமைப்பானைத் தெரிவு செய்தால் எழுத்துகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். இவை எதுவும் கைவசம் இல்லாதவர்கள் விலையற்ற இங்க்ஸ்கேப்பில் பெயரை அமைத்து, எழுத்துகளை வெறும் வடிவங்களான வளைகோடுகளாக மாற்றி, அந்தக் கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கலாம்.

வளைகோடுகளாக மாற்றிய பின் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகின்றனர். தடித்த எழுத்துகளில் கொம்பும் மெய்யும், சில வேளைகளில் விசிறியும் (ி, ீ) மெய்யும், ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு ஏறி நிற்கும். திரையில் இரண்டும் ஒரே நிறம் என்பதால் அது தெரியாது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் கத்தி ஒவ்வொரு வடிவத்தின் விளிம்பையும் தனித்தனியே பின்பற்றுவதால், எழுத்தின் நடுவே ஒரு வெட்டுக் கோடு விழுந்துவிடும்; ஒட்டிய சில மாதங்களில் அந்த வெட்டு வழியாகத் தூசி புகுந்து கருமையான கீறலாகத் தெரியும். ஆகவே எல்லா வடிவங்களையும் தெரிவு செய்து ஒன்றாக இணைத்துவிட்டு, நிரப்பு நிறத்தை நீக்கி வெறும் விளிம்புக் கோட்டில் பார்த்து, உள்ளே எந்தக் குறுக்குக் கோடும் எஞ்சவில்லை என்று உறுதி செய்த பின்பே வெட்டக் கொடுங்கள்.

எழுத்துகளை அடுக்குதல்

'ஹட்டன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் நிற்கும் ஹகரம் சுழிகள் நிறைந்த, அடர்ந்த எழுத்து. அதையடுத்து வரும் இரண்டு டகரங்களும் இடப்பக்கம் ஒரு நிலைக்கோடு, அடியில் ஒரு கிடைக்கோடு, மேல்வலம் முழுவதும் வெற்றிடம் என்ற அமைப்புடையவை. கடைசியில் னகரம் மறுபடியும் அடர்ந்து நிற்கிறது. எழுத்துருவின் இயல்பான இடைவெளியில் விட்டால், சொல்லின் நடுவில் பல் விழுந்த வாய்போல இரண்டு ஓட்டைகள் தோன்றும். தடித்த எழுத்தில் கருமை மிகுதி என்பதால் இந்த ஓட்டைகள் மெல்லிய எழுத்தில் தெரிவதைவிட அதிகமாக உறுத்தும். முதல் டகரத்தின் புள்ளி அவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது. எஞ்சியதை இடைவெளியைக் கையால் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் டகரத்தை முதலாவதன் கிடைக்கோட்டுக்கு நெருக்கமாகத் தள்ளுங்கள். ஆனால் இரு வட்டமுனைகளும் தொட்டுக்கொள்ள விடாதீர்கள். வட்டமுனைகள் தொடும் இடத்தில் மேலும் கீழும் சிறிய ஆப்பு வடிவப் பிளவுகள் உண்டாகி, அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். தொடாமல் நிற்பதற்கு வேண்டிய குறைந்த இடைவெளி கோட்டுத் தடிமனில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹகரத்துக்கும் டகரத்துக்கும் இடையில் எதையும் குறைக்க வேண்டாம். டகரத்துக்கும் னகரத்துக்கும் இடையிலோ நன்றாகவே குறைக்கலாம்.

இடம் போதவில்லை என்றதும் பெயரைப் பக்கவாட்டில் அமுக்குவது நம் பலகைகளின் பெருங்குறை. வட்டமுனை எழுத்தை எழுபது வீதத்துக்கு அமுக்கினால் நிலைக்கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் தடிப்பாகவே நிற்கும், அரைவட்ட முனைகள் முட்டையின் கூர்முனையாக மாறும். எந்தக் குணத்துக்காக அந்த எழுத்துருவைத் தெரிவு செய்தோமோ அந்தக் குணம் போய்விடும். பெயரை இரண்டு வரிகளாக உடைக்கலாம். 'ஸ்டோர்ஸ்', 'அன்ட் சன்ஸ்' போன்ற ஒட்டுகளை மெல்லிய சிறிய எழுத்தில் கீழே இறக்கலாம். எதுவும் இயலாவிட்டால் எழுத்தின் உயரத்தைக் குறைக்கலாம். அமுக்கிய பெரிய எழுத்தைவிட அமுக்காத சிறிய எழுத்து நன்றாகவே படிக்கப்படும். இரண்டு வரியாக உடைக்கும்போது மேல்வரியின் சு, கூ, ழு போன்ற உகர ஊகார வால்களும் கீழ்வரியின் விசிறிகளும் மோதாதபடி வரி இடைவெளியைத் தள்ளி வைக்க வேண்டும். வால் இறங்கும் இடத்துக்கு நேர்கீழே விசிறி வராதபடி சொற்களை இடமாற்றிப் பார்ப்பதும் உதவும்.

வயதான கடைக்காரர் சிலர், தங்கள் தந்தையார் காலத்துப் பலகையில் இருந்தபடியே ளை, லை, னை ஆகியவற்றை யானைத் தும்பிக்கை போன்ற பழைய வடிவில் கேட்பதுண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்கள் அவை. இவ்வெழுத்துருக்களில் அவ்வடிவத்தைக் காணவில்லை என்றால், ளகரத்தை வளைகோடாக மாற்றி, அதே தடிமனும் அதே வட்டமுனையும் கொண்ட வளைவொன்றை மேலே வரைந்து இணைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை; செய்து கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போக மாட்டார்.

மூன்று மொழிப் பலகை

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியது. அரச பலகைகளின் ஒழுங்கைத் தனியார் கடைகளும் பின்பற்றுவதால், மலையகத்தில் தமிழ் மட்டும் கொண்ட பலகை அரிது. மூன்று வரிவடிவங்களையும் தாங்கும் ஒரே வட்டமுனை எழுத்துருவைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். பாலூவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்ததுபோல் இணைந்து நிற்கும். அதில் சிங்களம் இல்லை. சிங்கள எழுத்து இயற்கையிலேயே உருண்டது என்பதால் அதற்கு வட்டமுனை எழுத்துரு கிடைக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை. நோட்டோ சான்ஸ் சிங்களம் போன்ற பல கனங்கள் கொண்ட குடும்பத்தில், தமிழின் கருமைக்கு ஈடான கனத்தைத் தேர்ந்தால் போதும். அபயா லிப்ரே போன்ற தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்தைத் தமிழ் வட்டமுனையோடு சேர்த்தால் இரண்டும் இரு வேறு கடைகளைச் சேர்ந்தவைபோல் தோன்றும்.

மூன்றையும் கணினியில் ஒரே பொயின்ட் அளவில் வைப்பது தவறு, ஏனெனில் ஒவ்வோர் எழுத்துருவும் அந்த அளவுக்குள் வேறுபட்ட உயரத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பகரத்தின் உயரத்தை அளவாக வைத்து, சிங்களத்தின் உடலெழுத்து உயரத்தையும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து உயரத்தையும் அதற்குச் சமமாக்குங்கள். பிறகு மூன்றடி பின்னால் போய்ப் பார்த்து, ஆங்கிலத்தைச் சற்றுச் சிறிதாக்குங்கள். தனித்தனியாக நிற்கும் பெரிய எழுத்துகள் அளவில் சமமாக இருந்தாலும் கண்ணுக்கு உரக்கத் தெரியும். சிங்களத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும் குறிகளுக்காக அந்த வரியின் மேலும் கீழும் கூடுதல் இடம் விட வேண்டும்; அந்த இடத்தைத் தமிழ் வரியிலிருந்து பறித்து விடும் பழக்கத்தை அச்சகங்கள் கைவிட்டால் நல்லது.

மூடுபனியும் வெளிச்சமும்

பலகைத் தொழிலில் வழங்கும் கைக்கணக்கின்படி, ஓர் அங்குல உயரமுள்ள எழுத்துப் பத்தடி தூரத்துக்கு நன்றாகத் தெரியும். அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொல்லப்பட்டது. சுழிகளைக் கொண்ட நம் எழுத்துக்கு அதன்மேல் பாதியைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். வீதியின் எதிர்ப்புறம் 40 அடியில் இருக்குமானால் ஆங்கிலத்துக்கு நான்கு அங்குலமும், தமிழுக்குப் பகரத்தின் உயரம் ஆறு அங்குலமும் வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரக் கடைக்கு இந்தக் கணக்கும் போதாது. மாலையில் மூடுபனி இறங்கினால் பலகையின் நிறமே சாம்பலாகிவிடும். அங்கே உயரத்தைக் கூட்டுவதைவிட எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவது அதிகப் பலன் தரும். கடும் பச்சைமேல் வெள்ளை, மஞ்சள்மேல் கறுப்பு ஆகியவை தாக்குப்பிடிக்கும். பச்சைமேல் சிவப்பு மழை நாளில் மறைந்தே போகும். தேயிலைக் கடைகள் அந்தச் சேர்க்கையை ஏன் இவ்வளவு விரும்புகின்றன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கரிய பின்னணியில் நிற்கும் வெள்ளை எழுத்து, அதே தடிமனுள்ள கறுப்பு எழுத்தைவிடப் பருத்துத் தெரியும். உள்ளிருந்து ஒளிரும் எல்.ஈ.டி. எழுத்தில் இது இன்னும் கூடும். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் எழுத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழுந்து சுழிகளுக்குள்ளும் வழியும். பகலில் வண்ணப் பலகைக்கு மிகத் தடித்த கனத்தைப் பயன்படுத்தும் கடை, இரவுக்கான ஒளிரும் எழுத்தை ஒரு படி, மூடுபனி அடிக்கடி இறங்கும் ஊர்களில் இரண்டு படிகள் குறைந்த கனத்தில் செய்விக்க வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கனமாகவே தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்று எண்ணிக் கூடுதல் விளக்குகளைப் பொருத்துவது நேர்மாறான விளைவையே தரும்.

புள்ளி விழாமல் ஒட்டுதல்

ஒட்டுத்தாளில் வெட்டுவதற்கு வட்டமுனை எழுத்து மிகவும் இணக்கமானது. கூரிய மூலைகள்தாம் முதலில் உரிந்து மேலெழும். உருண்ட முனையில் காற்றும் நீரும் பிடித்து இழுப்பதற்கு விளிம்பு கிடைப்பதில்லை. ஆனால் தமிழில் புள்ளி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பால் விநியோக வண்டி ஒன்றின் கதவுக்கு 'பால், தயிர்' என்று வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். எழுத்துகளை நன்றாகத் தேய்த்து ஒட்டிய நான், புள்ளிகளைக் கவனிக்கவில்லை. அவற்றின் விட்டம் ஐந்து மில்லிமீற்றர்கூட இராது. தென்மேற்குப் பருவமழை முடிந்து வண்டி திரும்பி வந்தபோது அதில் 'பால, தயிர' என்று இருந்தது. உரிமையாளர் சிரித்துக்கொண்டே காட்டினார். இரண்டு புள்ளிகளையும் புதிதாக வெட்டி ஒட்டிய நான் சிரிக்கவில்லை.

சிறிய வட்டத்துக்குப் பசை பிடிக்கும் பரப்புக் குறைவு. ஆகவே ஒட்டுத்தாளில் புள்ளியின் விட்டம் ஒருபோதும் எட்டு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று இப்போது வைத்திருக்கிறேன். எழுத்து அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டுவதை விட்டு, பின்னணியோடு சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டுகிறேன். புள்ளியின் விட்டம் கோட்டுத் தடிமனைவிடச் சிறிது பெரிதாக இருப்பது கண்ணுக்கும் வேண்டியதே. சமமாக இருந்தால் வட்டம் சிறுத்துத் தோன்றும். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையிலான வெளியை விரிக்க மறக்காதீர்கள். தடித்த கனத்தில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டினால் ககர மெய்யும் பகர மெய்யும் தொப்பி போட்டதுபோல் ஆகிவிடும். வளையமாக வரைந்த புள்ளி எவ்வளவு அழகாக இருந்தாலும் பலகைக்கு உதவாது, அதன் நடுத்துளை முதலில் அடைபடும்.

எழுத்தை ஸ்டென்சில் தகட்டில் வெட்டி, அதன் வழியே வண்ணம் தெளிப்பதற்கும் ஒரு சொல். முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரையும் தரத்தையும் இவ்வாறுதான் பதித்தனர்; அவை ஆங்கில எழுத்துகள். தமிழை அப்படி வெட்டினால் ஒவ்வொரு சுழியின் உட்பகுதியும் கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும், ணகரம் போன்ற எழுத்தில் பாலங்கள் மிகுந்து எழுத்தே சிதறும். காகிதச் சாக்குகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமானால் திரை அச்சே நல்லது.

தேயிலைப் பொதி

பலகையில் வெற்றி பெற்ற எழுத்துப் பொதியிலும் வெற்றி பெறும் என்று எண்ண வேண்டாம். ஐம்பது கிராம் பொதியில் பெயர் இரண்டு அங்குல அகலத்துக்குள் அடங்க வேண்டியிருக்கும். பழுப்புக் காகிதத்தில் மை சிறிது பரவி ஒவ்வொரு கோட்டையும் தடிப்பாக்கும். அச்சிட்ட பின் தடிக்கப்போகும் அளவைக் கணக்கில் கொண்டு, பலகைக்குப் பயன்படுத்தியதைவிட ஒரு படி குறைந்த கனத்தில் பெயரை அமையுங்கள். இந்த மூன்று கனங்களையும், அதாவது வண்ணப் பலகைக்கு, ஒளிரும் எழுத்துக்கு, பொதிக்கு என்று தனித்தனியாக வளைகோடுகளாக்கி வைத்துக்கொண்டால் அடையாளம் எங்கும் ஒன்றாகவே தெரியும்.

பெயருக்கு மட்டும் வட்டமுனையைப் பயன்படுத்துங்கள். நிறை, பொதியிட்ட திகதி, தயாரிப்பாளர் முகவரி, பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். என்ற தரக் குறிப்பு ஆகியவை சாதாரண கனத்தில், நேரான எழுத்துருவில் இருக்க வேண்டும். தடித்த உருண்ட எழுத்தில் ஏழு பொயின்ட் அளவில் அச்சிட்ட முகவரியைத் தபால்காரரும் படிக்க மாட்டார். தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்கச் சின்னத்தைப் பொதியில் இடுவதற்கு, உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதியிடப்பட்டதாகவும் இருப்பதோடு சபையின் அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்றவர்கள் அந்தச் சின்னத்தின் மெல்லிய கோடுகளுக்கு அருகில் தடித்த பெயரை நெருக்கி வைக்காமல், பொதியின் வேறொரு பக்கத்திலோ போதிய வெளி விட்டோ அதை அமைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் உரிமையாளரிடம் பலகையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். மூன்று கனங்களின் வளைகோட்டுக் கோப்பையும், திருத்தக்கூடிய யூனிகோட் கோப்பையும், எழுத்துருவின் பெயரையும் உரிமக் கோப்பையும், நிறங்களின் எண்களையும் ஒரு பென்டிரைவில் இட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிளைக்குப் பலகை செய்பவர், கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து உங்கள் ளகரத்தை மறுபடியும் வரைவார். அவர் வரையும் சுழி நிச்சயமாக அடைந்துதான் இருக்கும்.